கொடுத்தது எவ்வளவு, சம்பாதித்தது எப்படி? – நாட்டுக்கு நாடு மாறும் சி.எஸ்.ஆர்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பற்றி இந்தியச் சட்டத்தில் ஓர் இரண்டு சதவீதம் இருக்கிறது. ஜெர்மானியச் சட்டத்திலும் ஓர் இரண்டு சதவீதம் இருக்கிறது. இந்தியாவில் அது லாபத்தில் இரண்டு சதவீதம். ஊருக்கு நல்லது செய்ய நிறுவனம் செலவழிக்க வேண்டிய தொகை. ஜெர்மனியில் அது விற்றுமுதலில், அதாவது மொத்த விற்பனைத் தொகையில், இரண்டு சதவீதம். தனக்குச் சரக்கு தருகிறவர்களிடம் நடக்கும் உரிமை மீறல்களைக் கவனிக்காமல் விட்ட பெரிய நிறுவனத்துக்கு விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு.

எண் ஒன்றுதான். ஒன்று கொடுப்பதைப் பற்றியது, மற்றது குற்றத்தைப் பற்றியது. சி.எஸ்.ஆர். குறித்துச் செய்திகளில் வரும் குழப்பத்தில் பாதி, இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் வருவது. "சி.எஸ்.ஆரைச் சட்டமாக்கிய ஒரே நாடு இந்தியா", "வெளிநாடுகளில் நிறுவனங்கள் இதைத் தாமாகவே செய்கின்றன" என்ற இரண்டு வாக்கியங்கள் இங்கே அடிக்கடி காதில் விழுகின்றன. முதலாவது தவறு. இரண்டாவது பாதிதான் சரி.

ஒரே பெயரில் இரண்டு கேள்விகள்

பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு என்பதன் ஆங்கில எழுத்துச் சுருக்கமே சி.எஸ்.ஆர். அந்தப் பெயருக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

1. சம்பாதித்ததில் சமூகத்துக்கு எவ்வளவு கொடுத்தாய்? பள்ளிக் கட்டடம், மருத்துவ முகாம், குளம் தூர்வாருதல், வெள்ள நிவாரணம் எல்லாம் இதற்கான பதில்கள்.

2. அந்தப் பணத்தை எப்படிச் சம்பாதித்தாய்? கூலி, வேலை நேரம், கழிவுநீர், நிலம், பெண் தொழிலாளரின் பாதுகாப்பு, உனக்கு நூல் நூற்றுத் தருகிற ஆலையின் நிலை ஆகியவை இந்தக் கேள்வியில் அடங்கும்.

முதல் கேள்வி நமக்குப் புதிதல்ல. விருதுநகர், சிவகாசி வட்டார வணிகர்களிடம் 'மகமை' என்ற ஏற்பாடு இருந்தது. விற்கும் சரக்கின் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுநிதிக்கு எடுத்து வைத்துவிட வேண்டும். அந்தப் பணத்தில் கோயிலும் நடந்தது, பள்ளிக்கூடமும் நடந்தது. செட்டிநாட்டு வணிகர்களிடமும் மகமை உண்டு. அரசுச் சட்டம் எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. ஆனாலும் யாரும் அதை 'விருப்பம் இருந்தால் கொடுக்கலாம்' என்று நினைத்ததில்லை. கொடுக்காதவருக்கு ஊரில் மரியாதை கிடையாது, அவ்வளவுதான். இந்தியாவின் இன்றைய சட்டத்தைப் புரிந்துகொள்ள மேற்கத்திய நிர்வாகவியல் பாடங்களைவிட மகமை அதிகம் உதவும். இரண்டுமே பணம் வந்த வழியை விசாரிப்பதில்லை.

நாடுகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது, அந்த நாட்டின் சட்டம் இந்த இரண்டில் எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்பதை. சதவீதமெல்லாம் பிறகு.

இந்தியா: கணக்கு எப்படிப் போடப்படுகிறது

2013-ம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 135-வது பிரிவு. நடைமுறைக்கு வந்தது 2014 ஏப்ரல் 1 அன்று. அதன் அமைப்பு இது:

1. யாருக்குப் பொருந்தும்: முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட நிறுவனத்துக்கு. பங்குச்சந்தையில் இருக்க வேண்டும் என்பதில்லை. நடைமுறையில் பெரும்பாலானோரை உள்ளே இழுப்பது அந்த 5 கோடி லாபம்தான்.

2. எவ்வளவு: முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதம். இங்கே லாபம் என்பது வருமான வரி கட்டுவதற்கு முந்தைய லாபம்.

3. யார் முடிவு செய்வது: இயக்குநர் குழுவுக்குள் ஒரு சி.எஸ்.ஆர். குழு. செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் தனிக்குழு தேவையில்லை, இயக்குநர் குழுவே பார்த்துக்கொள்ளலாம்.

4. எதற்கு: சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் உள்ள இனங்களுக்கு. பசி ஒழிப்பு, சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல், பாரம்பரியச் சின்னங்கள், விளையாட்டுப் பயிற்சி, ஊரக வளர்ச்சி, பேரிடர் மேலாண்மை, பிரதமர் நிவாரண நிதி என்று அது நீள்கிறது.

ஒரு பின்னலாடை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு லாபம் 8, 10, 12 கோடி. சராசரி 10 கோடி. இரண்டு சதவீதம் 20 லட்சம். அரசுப் பள்ளி ஒன்றுக்குக் கழிப்பறைகளும் இரண்டு வகுப்பறைகளும் என்று அது முடிந்துவிடும். இந்த 20 லட்சத்தை வணிகச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியாது. வருமான வரிச் சட்டத்தில் 2014-ல் செய்த திருத்தம் அதைத் தடுக்கிறது. 'செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அரசே வரி மூலம் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடக் கூடாது' என்பது அரசின் வாதம். தொழில்துறையினரோ, 'அப்படியானால் இதற்கு வரி என்றே பெயர் வைத்திருக்கலாமே' என்கிறார்கள். அந்தக் கிண்டலில் நியாயம் இல்லாமல் இல்லை.

தொடக்கத்தில் இது 'செலவிடு, இல்லையேல் காரணம் சொல்' என்ற வகையில் இருந்தது. செலவிடாத நிறுவனம் ஆண்டறிக்கையில் ஒரு காரணத்தை எழுதினால் போதும். 'தகுந்த திட்டம் அமையவில்லை' என்ற வாக்கியம் அந்த ஆண்டுகளில் எத்தனையோ அறிக்கைகளில் அப்படியே இடம்பெற்றது. 2019-ல் செய்த திருத்தம் சிறைத்தண்டனை வரை போனது. எதிர்ப்பு கிளம்பியது, அந்தப் பகுதி நடைமுறைக்கு வராமலே 2020-ல் கைவிடப்பட்டது. 2021 ஜனவரி 22 முதல் உள்ள நிலை: நடந்துகொண்டிருக்கும் திட்டத்துக்கான மீதித் தொகை தனி வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், மூன்று ஆண்டுகளில் செலவாக வேண்டும். திட்டமே இல்லாமல் மிஞ்சிய தொகை ஆறு மாதத்துக்குள் அட்டவணையில் உள்ள அரசு நிதிகளில் ஒன்றுக்குப் போய்ச் சேர வேண்டும். மாற்றாத நிறுவனத்துக்கு அபராதம், அத்தொகையின் இரு மடங்கு அல்லது 1 கோடி ரூபாய், எது குறைவோ அது.

2014-15-ல் ஏறத்தாழ 10,000 கோடியாக இருந்த மொத்தச் செலவு, 2022-23-ல் 30,000 கோடியை நெருங்கியது. சிறு தொகை அல்ல. ஆனால் சட்டம் வருமுன்பே இரண்டு சதவீதத்துக்கு மேல் செலவிட்டுவந்த பெரிய நிறுவனங்கள் சில, சட்டம் வந்தபின் இரண்டை நோக்கி இறங்கிவந்ததையும் பொருளியல் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தரையாகப் போட்டது கூரையாகவும் ஆகிப்போனது.

எது சேரும், எது சேராது

சட்டத்தின் குணம் எல்லைக்கோடுகளில்தான் தெரியும். சொந்த ஊழியருக்கு மட்டும் பயன்படும் செலவு, விளம்பரத்துக்கான நன்கொடை, அரசியல் கட்சிக்குக் கொடுத்தது, வேறொரு சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கியதைச் செய்தது ஆகிய எதுவும் சி.எஸ்.ஆர். கணக்கில் வராது.

இந்தக் கடைசி விதியைத் திருப்பூரில் வைத்துப் பார்க்கலாம். சாயக்கழிவு நொய்யலில் கலந்ததையொட்டி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரில் ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவை திரும்ப இயங்கின. அந்தச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ஆகும் செலவு மிகப் பெரியது. சி.எஸ்.ஆர். கணக்கில் ஒரு ரூபாயும் சேராது, சேரவும் கூடாது. ஆனால் விளைவைப் பாருங்கள். ஆற்றைக் கெடுக்காமல் தொழில் நடத்துவது 'சட்டத்துக்குக் கட்டுப்படுதல்'. ஆற்றங்கரையில் மரக்கன்று நடுவது 'சமூகப் பொறுப்பு'. சி.எஸ்.ஆர். அறிக்கையில் படத்தோடு வருவது மரக்கன்று.

அரசியலும் எல்லைக்கோட்டில் விளையாடும். குஜராத்தின் சர்தார் படேல் சிலைக்கு ஐந்து பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் சி.எஸ்.ஆர். கணக்கில் 146.83 கோடி ரூபாய் கொடுத்தன. 'பாரம்பரியச் சின்னம்' என்ற இனத்தில் அதைக் காட்டியிருந்தார்கள். இனிமேல் கட்டப்போகும் சிலை பாரம்பரியச் சின்னம் ஆகாது என்று 2018-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் குறை சொன்னார். 2020 ஏப்ரலில் வேறொரு விவகாரம். கொரோனாவுக்காகப் பிரதமரின் பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கொடுத்தால் சி.எஸ்.ஆர்., முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் இல்லை என்று மத்திய அரசு விளக்கம் அளித்தது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கொடுத்தால் சேரும். அட்டவணையை எழுதுகிறவர் யாரோ அவர் பக்கம் பணம் சாயும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இடம் சார்ந்த சாய்வும் உண்டு. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது சட்டம். ஆகவே தொழில் இருக்கும் இடத்துக்கே பணமும் போகிறது. மாநிலங்களில் மகாராஷ்டிரம் முதலிடத்தில் இருப்பது அதனால்தான். ஆலையே இல்லாத மாவட்டத்துக்கு ஆலைப் பணம் எங்கிருந்து வரும்?

இந்தியாவுக்கு முன்பும் பின்பும்

இந்தோனேசியா 2007-ன் கம்பெனிச் சட்டத்தில், 74-வது பிரிவில், இயற்கை வளம் சார்ந்த தொழில் நடத்தும் நிறுவனங்களுக்குச் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பைக் கட்டாயமாக்கியது. வணிகர் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2009-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் பிரிவு செல்லும் என்றது. சதவீதம் எதையும் அது சொல்லவில்லை. எல்லா நிறுவனங்களையும் பிடிக்காமல், காட்டையும் சுரங்கத்தையும் தொடுகிறவர்களை மட்டும் பிடித்த விதத்தில் அது இந்தியச் சட்டத்தைவிடக் கூர்மையானது.

மொரீஷியஸ் 2009-லேயே லாபத்தில் இரண்டு சதவீதம் என்று எழுதிவிட்டது. (ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும் நாடு, நமக்கு அவ்வளவு அந்நியமல்ல.) அங்கே பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 2017 முதல் அந்த இரண்டு சதவீதத்தில் பாதியும், பின்னர் முக்கால் பங்கும் வரித்துறை வழியாக அரசு அமைக்கும் அறநிறுவனத்துக்குப் போக வேண்டும் என்று விதி மாறியது. நிறுவனத்தின் கையில் மிஞ்சியது கால் பங்கு. கட்டாயச் செலவு மெல்ல மெல்ல வரியாக உருமாறும் பாதைக்கு இதுவே முன்மாதிரி. இந்தியாவில் செலவாகாத பணம் அரசு நிதிக்குப் போக வேண்டும் என்ற விதியும் அந்தப் பாதையின் முதல் படிதான் என்பது என் கணிப்பு.

நைஜீரியாவின் 2021 பெட்ரோலியச் சட்டமோ லாபத்தைத் தொடவே இல்லை. எண்ணெய் நிறுவனம் முந்தைய ஆண்டில் இயக்கச் செலவாகக் காட்டிய தொகையில் மூன்று சதவீதத்தை, கிணறு இருக்கும் பகுதி மக்களுக்கான அறக்கட்டளைக்குத் தர வேண்டும். லாபத்தைக் கணக்கில் குறைத்துக் காட்டலாம். கிணற்றை ஓட்டும் செலவை ஒளிப்பது கடினம்.

தென்னாப்பிரிக்கா: மூன்று வீடுகள்

சட்டப்படி கட்டாயம் என்றாலே நடந்துவிடுமா? மரிகானாவைப் பார்க்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் சுரங்க உரிமம் வேண்டுமானால், 'சமூக, தொழிலாளர் திட்டம்' ஒன்றை அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். இது உரிமத்தின் நிபந்தனை, நன்கொடை அல்ல. மரிகானாவில் பிளாட்டினம் தோண்டிய லோன்மின் நிறுவனம் தொழிலாளர்களுக்கு 5,500 வீடுகள் கட்டித் தருவதாகத் தன் திட்டத்தில் உறுதி கூறியிருந்தது. 2012 ஆகஸ்டில், கூலி உயர்வு கேட்டு அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. ஆகஸ்ட் 16 அன்று போலீஸ் சுட்டதில் 34 தொழிலாளர்கள் இறந்தார்கள். விசாரணை ஆணையம் வீட்டுக் கணக்கைக் கேட்டபோது, கட்டி முடித்தவை மூன்று என்று தெரிந்தது. மூன்றுமே 'இப்படித்தான் கட்டப்போகிறோம்' என்று காட்டுவதற்கான மாதிரி வீடுகள். மற்ற தொழிலாளர்கள் தகரக் கொட்டகைகளில், குழாயும் வடிகாலும் இல்லாத இடத்தில் வாழ்ந்தார்கள். பொருளாதார நெருக்கடியால் கட்ட முடியவில்லை என்று நிறுவனம் சொன்ன விளக்கத்தை ஆணையம் ஏற்கவில்லை.

திட்டம் காகிதத்தில் இருந்தது. ஆண்டுதோறும் அறிக்கையும் போனது. நிறைவேறவில்லை என்பதற்காக உரிமத்தில் கை வைக்க அரசு துணியவில்லை.

அமெரிக்கா: வழக்கும் வரியும்

அமெரிக்காவில் இத்தனை சதவீதம் கொடு என்று சொல்லும் மத்தியச் சட்டம் கிடையாது. அங்கே விவாதம் தலைகீழாகத் தொடங்கியது: பங்குதாரரின் பணத்தை ஊருக்குக் கொடுக்க நிர்வாகிக்கு உரிமை இருக்கிறதா?

1919-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் இல்லை என்கிற தொனியில் சொன்னது. கார் விலையைக் குறைத்து, இன்னும் பலருக்கு வேலை கொடுக்கப்போவதாகச் சொல்லி ஹென்றி ஃபோர்டு சிறப்பு ஈவுத்தொகையை நிறுத்தினார். பங்குதாரர்களான டாட்ஜ் சகோதரர்கள் வழக்குப் போட்டு வென்றார்கள். நிறுவனம் முதன்மையாகப் பங்குதாரரின் லாபத்துக்காகவே நடக்கிறது என்றது தீர்ப்பு. 1953-ல் நியூ ஜெர்சியில் காற்று திசை மாறியது. வால்வும் தீயணைப்புக் குழாய்முனையும் செய்யும் ஒரு நிறுவனம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 1,500 டாலர் கொடுத்தது. பங்குதாரர்கள் ஆட்சேபித்தார்கள், நீதிமன்றம் நன்கொடை செல்லும் என்றது. இன்று அமெரிக்க நிறுவனங்கள் தரும் பெருந்தொகைகள் எல்லாம் அந்த 1,500 டாலரின் வழித்தோன்றல்கள் என்று சொல்லலாம். வரிச் சட்டமும் துணை நிற்கிறது. வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை அறக்கொடைக்குக் கழிவு உண்டு. இந்தியா கட்டாயப்படுத்திவிட்டு வணிகச் செலவுக் கழிவை மறுக்கிறது. அமெரிக்கா கட்டாயப்படுத்தாமல் கழிவு தருகிறது.

ஆனால் 'அமெரிக்காவில் எல்லாம் விருப்பம்தான்' என்று இதோடு நிறுத்திவிட்டால் தவறு. இரண்டாவது கேள்வியை அமெரிக்கா சுங்கத்துறை வாயிலாகக் கேட்கிறது. கட்டாய உழைப்பில் தயாரான சரக்கை உள்ளே விடக் கூடாது என்று 1930-ன் சுங்கவரிச் சட்டம் சொல்கிறது. பல பத்தாண்டுகள் தூசி படிந்து கிடந்த பிரிவு. சமீப ஆண்டுகளில் விழித்துக்கொண்டது. அதன் கை தமிழ்நாடு வரை நீண்ட கதை பிறகு வருகிறது.

ஐரோப்பா: சான்றிதழுக்குப் பின்னால் போன சட்டம்

2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வாசல்களில் பூட்டு. அதன் முக்கிய வாடிக்கையாளர் ஒரு ஜெர்மானிய மலிவு ஆடைக் கடைத்தொடர். தீப்பிடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், தொழிலாளர் நலன் நன்றாக இருக்கிறது என்பதற்கான எஸ்.ஏ.8000 சான்றிதழ் அந்தத் தொழிற்சாலைக்குக் கிடைத்திருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா சரிந்து 1,100-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேல்மாடித் தையல் தொழிலாளர்கள் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள்.

நிறுவனமே ஆள் அமர்த்தி, நிறுவனமே பணம் கொடுத்து, நிறுவனமே வாங்கிக்கொள்ளும் தணிக்கைச் சான்றிதழ் மேல் ஐரோப்பிய அரசுகளுக்கு இருந்த நம்பிக்கை இதன்பிறகு ஆட்டம் கண்டது. விளைவாக வந்தவை:

1. பிரான்ஸ், 2017: பிரான்சில் 5,000 அல்லது உலகம் முழுதும் 10,000 ஊழியர்களைக் கொண்ட நிறுவனம், தன் துணை நிறுவனங்களிலும் சப்ளையர்களிடமும் நேரக்கூடிய மனித உரிமை, சுற்றுச்சூழல் ஆபத்துகளைக் கண்டறிந்து தடுக்கத் திட்டம் வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால், ஒப்புக்குச் செய்தால், நீதிமன்றம் போகலாம். 2023 டிசம்பரில் பிரெஞ்சு அஞ்சல் நிறுவனத்துக்கு எதிராகப் பாரிஸ் நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது.

2. ஜெர்மனி, 2023: முதலில் 3,000 ஊழியர்கள், 2024 முதல் 1,000 ஊழியர்கள் கொண்ட நிறுவனங்களுக்கு வழங்கல் சங்கிலிச் சட்டம். முதலில் சொன்ன இரண்டு சதவீத அபராதம் இதில்தான் இருக்கிறது. விற்றுமுதல் 40 கோடி யூரோவைத் தாண்டியவர்களுக்கு அது பொருந்தும்.

3. ஐரோப்பிய ஒன்றியம், 2024: உறுப்பு நாடுகள் அனைத்துக்குமான பொதுக் கட்டளை. மறு ஆண்டே, தொழில்துறையின் அழுத்தத்தில், காலக்கெடுவைத் தள்ளிப்போட்டு வரம்பைச் சுருக்கும் வேலை தொடங்கிவிட்டது.

ஜெர்மானியச் சட்டம் எப்படி இயங்கியது என்பதற்கு ஒரு காட்சி. 2023-ல் கிரேஃபன்ஹௌசன் நெடுஞ்சாலை ஓய்விடத்தில், ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் போன்ற நாடுகளைச் சேர்ந்த லாரி ஓட்டுநர்கள் சம்பளப் பாக்கி கேட்டு வண்டிகளை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். அவர்களுடைய முதலாளி போலந்துக்காரர். சட்டத்தை அமல்படுத்தும் ஜெர்மானிய அரசு அலுவலகமோ, லாரிகளில் யாருடைய சரக்கு இருந்ததோ அந்த நிறுவனங்களை நோக்கித் திரும்பியது. 'ஓட்டுநர் எங்கள் ஊழியர் அல்ல' என்ற பதில் அங்கே போதுமானதாக இல்லை.

திண்டுக்கல்லில் குறுக்கிட்ட கோடுகள்

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அந்த ஆலையின் மேற்பார்வையாளர். ஆலை ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நாச்சி அப்பேரல், தைத்த ஆடைகளின் முக்கிய வாடிக்கையாளர்களில் ஒருவர் சுவீடனின் ஆடை விற்பனை நிறுவனமான எச் அண்ட் எம். மேற்பார்வையாளர்களின் பாலியல் தொல்லை பற்றிப் பல பெண்கள் பேச முன்வந்தார்கள்.

இந்தக் கட்டத்தில் 135-வது பிரிவுக்கு எந்த வேலையும் இல்லை. ஆலைக்குள் நடப்பது அதன் கண்ணில் படாது. சொந்தப் பெண் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காக மட்டும் ஆலை செலவழிக்கும் பணமும் அதன் கணக்கில் சேராது. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013 முதல் இருக்கிறது. உட்புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள், புகார் கொடுத்தவர் மறுநாள் அதே மேற்பார்வையாளர் முன்னால் எப்படி உட்காருவார் என்பதுதான் கேள்வி.

2022 ஏப்ரலில் ஒரு தீர்வு எழுத்து வடிவம் பெற்றது. தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டணி (ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ்), அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்று ஆகியவை ஈஸ்ட்மன் நிறுவனத்துடனும் எச் அண்ட் எம்முடனும் ஒப்பந்தம் செய்தன. கேப், பி.வி.எச். என்ற அமெரிக்க ஆடை நிறுவனங்களும் பின்னர் சேர்ந்தன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அது அறியப்படுகிறது. தையல் வரிசையில் உட்காரும் பெண்களிலேயே சிலரைச் சங்கம் பயிற்றுவித்துக் கண்காணிப்பாளர்கள் ஆக்குகிறது. தொல்லை கொடுப்பவரைப் பற்றி அவர்கள் புகாரைக் கொண்டுபோகலாம், பழிவாங்கத் தடை. ஆலை மீறினால் ஆர்டரைக் குறைக்கவோ நிறுத்தவோ வாடிக்கையாளர் நிறுவனம் கடமைப்பட்டது. இந்தக் கடைசி விதிதான் பல்லாயிரம் நன்னடத்தைக் கோட்பாடுகளில் இல்லாத பல்.

ஒப்பந்தம் கையெழுத்தான சில மாதங்களில், 2022 ஜூலை 29 அன்று, அமெரிக்கச் சுங்கத்துறை அதே ஆலையின் சரக்கை நிறுத்தி வைக்க உத்தரவிட்டது. 1930-ன் சட்டம்தான். செப்டம்பர் 7 அன்று தடை விலக்கப்பட்டது. ஆலையில் செய்யப்பட்ட சீர்திருத்தங்களுக்கு ஒப்பந்தமே சான்றாக நின்றது. நாற்பது நாளில் தடை நீங்கியது அந்தத் துறையில் அபூர்வம்.

இரண்டு சதவீதக் கணக்கு இந்தக் கதையின் எந்த வரியிலும் வரவில்லை.

சீனாவும் ஜப்பானும்

சீனாவில் சட்டத்தில் ஒரு வரி உண்டு. நிறுவனங்கள் சமூகப் பொறுப்போடு நடக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்டம் 2006 முதல் சொல்கிறது. உண்மையான அழுத்தம் வேறு இடத்திலிருந்து வருகிறது. 2008 மே மாதம் சிச்சுவான் நிலநடுக்கத்தின்போது, வான்கே என்ற பெரும் வீட்டுவசதி நிறுவனம் 20 லட்சம் யுவான் கொடுத்தது. ஊழியர்களின் நன்கொடை பத்து யுவானைத் தாண்ட வேண்டாம் என்று அதன் தலைவர் எழுதியது தெரிந்ததும் இணையம் கொந்தளித்தது. 'இரும்புச் சேவல்' என்று பட்டம் சூட்டினார்கள், ஓர் இறகுகூடப் பிடுங்க முடியாத சேவல். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று நம்மூரில் சொல்வோமே, அது. நிறுவனம் கடைசியில் 10 கோடி யுவான் ஒதுக்கியது. அதே நாட்களில் 10 கோடி கொடுத்த ஒரு மூலிகைப் பானக் கம்பெனியின் டப்பாக்களைக் கடையில் ஒன்றும் மிஞ்சாமல் வாங்குங்கள் என்று மக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். 2021-ல் 'பொதுச் செழுமை' என்று கட்சித் தலைமை பேசத் தொடங்கியதும் டென்சென்ட், அலிபாபா இரண்டும் ஆளுக்கு 10,000 கோடி யுவான் அறிவித்தன. இதை விருப்பம் என்பதா, கட்டாயம் என்பதா? சதவீத அட்டவணையில் சீனாவுக்கு நேரே 'இல்லை' என்று எழுதுவது அபத்தம் என்பது மட்டும் நிச்சயம்.

ஜப்பானில் பழைய ஓமி வட்டார வணிகர்களின் நெறி என்று மூன்று நன்மைகளைச் சொல்வார்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஊருக்கும் நல்லதாக இருக்க வேண்டும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. மினமாட்டா கடலில் பாதரசம் கலந்த சிஸ்ஸோ நிறுவனமும் அதே நாட்டுடையதுதான். ஜப்பானிய நிறுவனங்களைச் சுற்றுச்சூழல் விஷயத்தில் திருத்தியதில் அந்த மூன்று நன்மைகளைவிட, எழுபதுகளின் மாசு வழக்குகளுக்கே பங்கு அதிகம்.

ஒரே ஆண்டறிக்கையில் இரண்டு இணைப்புகள்

இந்தியா இரண்டாவது கேள்வியைக் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு 2022-23 முதல் 'வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை'யைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எனவே ஒரு பெரிய நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இரண்டு இணைப்புகள் இருக்கும். சி.எஸ்.ஆர். இணைப்பில் பார்க்க வேண்டியவை:

1. செலவிட வேண்டிய தொகைக்கும் செலவிட்டதற்கும் உள்ள இடைவெளி.
2. பணம் நேரடியாகச் செலவானதா, நிறுவனத்தின் சொந்த அறக்கட்டளை வழியாகவா என்பது.
3. திட்டம் நடந்த மாவட்டமும் ஆலை இருக்கும் மாவட்டமும் ஒன்றா என்பது.

மற்ற இணைப்பில் நேராகப் புகார் அட்டவணைக்குப் போய்விடலாம். பாலியல் தொல்லை, குழந்தைத் தொழில், கட்டாய உழைப்பு, கூலி என்று வரிசையாகத் தலைப்புகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆண்டில் வந்த புகார்கள், முடிவுறாதவை. பல்லாயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று இருந்தால், அங்கே தொல்லை இல்லை என்றும் பொருள் கொள்ளலாம், புகார் கொடுக்க வழி இல்லை என்றும் பொருள் கொள்ளலாம். புகார்கள் பதிவாகித் தீர்க்கப்பட்டிருக்கும் அறிக்கையைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

திருப்பூரிலும் திண்டுக்கல்லிலும் ஏற்றுமதிக்குத் தைக்கும் ஆலைகளில் பெரும்பாலானவை பிரைவேட் லிமிடெட் நிறுவனங்கள் அல்லது கூட்டு வியாபாரங்கள். பங்குச்சந்தையில் அவை இல்லை. அந்த அட்டவணையை நிரப்ப வேண்டிய கட்டாயமும் அவற்றுக்கு இல்லை. லாபம் 5 கோடியைத் தாண்டிய கம்பெனியாக இருந்தால், பள்ளிக் கழிப்பறைக்கான ரசீது மட்டும் கோப்பில் இருக்க வேண்டும். மேற்பார்வையாளரைப் பற்றிய கேள்வி, வந்தால், ஸ்டாக்ஹோமிலிருந்தோ ஹாம்பர்கிலிருந்தோ மின்னஞ்சலில் வருகிறது.